வசந்தத்தில் பாரிஸ்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் போதும், வசந்தத்தில் பாரிஸ் வரப்போகும் உறவினர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டணங்கள் 2026 தொடக்க நிலவரம். பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச்லயே வரலாமா, மே வரைக்கும் காத்திருக்கணுமா?

மார்ச் வரலாம், ஆனால் குளிர்கோட்டோடு வர வேண்டும். மார்ச்சில் பகல் வெப்பம் சுமார் 12 டிகிரி, ஏப்ரலில் 16, மே மாதத்தில் 20. காலையும் இரவும் இதில் பாதிக்குக்கூட இறங்கும். என்னைக் கேட்டால் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து மே இறுதிவரை எந்த வாரமும் நல்ல வாரம்தான்.

வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். அதன் பிறகு இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மே கடைசியில் சூரியன் மறையவே ஒன்பதரை தாண்டிவிடும். மியூசியம் மூடிய பிறகும் ஊர் சுற்ற மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை நாள் போதும்? மூணு நாள்ல முடிச்சிடலாமா?

முழுதாக நான்கு நாள் இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம். ஐந்தாவது நாள் கிடைத்தால் ஊருக்கு வெளியே உள்ள வெர்சாய் அரண்மனைக்குப் போகலாம். மூன்று நாளும் முடியும். எதையாவது விட மனம் வர வேண்டும்.

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு முன்பதிவு. அதைக் காலையில் வைத்துக்கொண்டு, மீதி நாளை அந்தப் பகுதியிலேயே நடந்து கழியுங்கள். காலை லூவ்ர், மதியம் ஈஃபில், மாலை மோன்மார்த்ர் குன்று என்று போட்டால் நீங்கள் அதிகம் பார்ப்பது சுரங்க ரயிலையும் வரிசைகளையும்தான். வசந்தத்தில் இந்த ஊரின் பாதி அழகு கட்டடங்களுக்கு வெளியே, ஆற்றங்கரையிலும் பூங்காக்களிலும் இருக்கிறது.

விசா எப்ப போடணும்? பாரிஸ் 4 நாள், சுவிஸ் 5 நாள்னா எந்த நாட்டுக்குப் போடணும்?

பிரான்ஸ், சுவிஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் ஏப்ரல், மே பயணத்துக்கு ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுவது நல்லது. கோடை நெருங்க நெருங்க நேரம் கிடைப்பது கடினமாகும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே உங்கள் கணக்குப்படி சுவிஸ். இரண்டும் சம நாளாக இருந்தால் முதலில் எங்கே நுழைகிறீர்களோ அந்த நாடு. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. எனவே இறங்கியதும் ஒரு மணி நேரத்தில் எங்காவது போய்ச் சேரவேண்டிய திட்டம் எதுவும் வைக்காதீர்கள்.

எந்த ஏரியால தங்கறது?

பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் 1 தொடங்கி நத்தை ஓடு போலச் சுற்றிக்கொண்டே வெளியே போகும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண்: 75005 என்றால் ஐந்தாவது. ஹோட்டல் தேடும்போது முதலில் இதைப் பாருங்கள். 75இல் தொடங்காவிட்டால் அது நகர எல்லைக்கு வெளியே.

4, 5, 6 வட்டாரங்கள் நடந்து பார்க்க அருமை, விலை அதிகம். 11, 12, 13, 14 வட்டாரங்களில் நியாயமான விலைக்குக் கிடைக்கும். எண்ணைவிட முக்கியம், மெட்ரோ 1, 4, 14 வழித்தடங்களில் ஒன்று பக்கத்தில் இருப்பது. ஏன் என்று பின்னால் வேலைநிறுத்தக் கேள்வியில் சொல்கிறேன். அறைகள் சிறியவை, பழைய கட்டடங்களில் லிஃப்ட் இரண்டு பேருக்கே இடிக்கும். பெரிய பெட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்லேர்ந்து டாக்ஸியா, ரயிலா?

ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கினால் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில். கார் து நோர் நிலையத்துக்குச் சுமார் 35 நிமிடம். இன்னொரு விமான நிலையமான ஓர்லியில் இறங்கினால் 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14 நேராக ஊருக்குள் வருகிறது. விமான நிலையப் பயணச்சீட்டு ஒருவருக்குச் சுமார் 14 யூரோ.

மூன்று, நான்கு பேர் பெட்டிகளோடு வந்தால் டாக்ஸியே சரி. விமான நிலையத்திலிருந்து பாரிசுக்கு அரசு நிர்ணயித்த நிலையான கட்டணம்தான். சேன் ஆற்றின் எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். வெளியே "டாக்ஸி" பலகை இருக்கும் வரிசைக்குப் போய் ஏறுங்கள். உள்ளேயே வந்து "டாக்ஸி வேண்டுமா" என்று கேட்பவர்களோடு போகவேண்டாம்.

மெட்ரோவுக்கு எந்த கார்டு வாங்கணும்? ஒரே கார்டை ரெண்டு பேர் தேய்ச்சுக்கலாமா?

முடியாது, ஆளுக்கு ஒரு கார்டு. கொஞ்சமாகப் பயணம் செய்வதாக இருந்தால் நவிகோ ஈசி கார்டு வாங்கித் தேவைக்குச் சீட்டு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு மெட்ரோ பயணம் 2.55 யூரோ.

வாரப் பாஸ் பலருக்கும் லாபம், ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது ஏழு நாள் பாஸ் இல்லை. திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். விலை சுமார் 32 யூரோ, விமான நிலைய ரயிலும் வெர்சாய் ரயிலும் அதிலேயே அடக்கம். திங்கள் வந்து வெள்ளி திரும்புகிறவருக்குப் போகவர விமான நிலையப் பயணத்திலேயே ஏறக்குறைய பணம் வந்துவிடும். வெள்ளி வந்து திங்கள் திரும்புகிறவருக்கு இது நஷ்டம். இந்தப் பாஸுக்கு உங்கள் புகைப்படம் ஒட்டும் நவிகோ தெகுவெர்த் கார்டு வேண்டும், விலை 5 யூரோ. ஊரிலிருந்தே ஒரு சின்னப் படம் எடுத்து வாருங்கள்.

முன்கூட்டியே புக் பண்ணியே ஆகணும்னா எதையெல்லாம்?

லூவ்ர், ஈஃபில் கோபுரத்தின் லிஃப்ட், சான்த் ஷப்பேல் தேவாலயம், வெர்சாய், ஒராஞ்சரி ஓவிய மியூசியம். இந்த ஐந்துதான். வசந்தத்தில் இவற்றுக்கு அன்றன்று போய் நிற்பது வீண். மற்றவற்றை ஊருக்கு வந்த பிறகு வானிலை பார்த்து முடிவு செய்யலாம்.

மூடும் நாட்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லூவ்ர், ஒராஞ்சரி, ஆசியக் கலைக்கான கிமே மியூசியம் மூன்றும் செவ்வாய் விடுமுறை. ஓர்சே மியூசியம், ரொதான் மியூசியம், வெர்சாய் மூன்றும் திங்கள் விடுமுறை. நவீனக் கலைக்கான பொம்பிடு மையம் புதுப்பிப்புக்காக 2025 செப்டம்பரில் மூடியது. 2030 வரை திறக்காது. பழைய பயணக் குறிப்புகளில் அது இன்னும் இருக்கும், ஏமாறாதீர்கள்.

லூவ்ரை ஒரே நாள்ல பாத்துடலாமா? மோனலிசா மட்டும் பாத்தா போதும்.

ஒரே நாளில் முழு லூவ்ரைப் பார்க்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். மூன்று மணி நேரம், அதற்குள் பார்க்கவேண்டியவை ஆறேழு என்று வைத்துக்கொண்டால் மகிழ்ச்சியாக வெளியே வருவீர்கள். மோனலிசா 77 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறிய ஓவியம், எதிரே பெருங்கூட்டம். அதைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் பாருங்கள்: எதிர்ச் சுவர் முழுக்க வெரொனேசே வரைந்த கானாவூர்த் திருமணம். அந்த மியூசியத்திலேயே மிகப் பெரிய ஓவியம் அது, பெரும்பாலானோர் முதுகைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

மோனலிசா இருக்கும் அதே தெனோன் பகுதியில் தாரு படிக்கட்டின் உச்சியில் சமோத்ராஸ் வெற்றித் தேவதை நிற்கிறாள். தலையில்லை, கைகளில்லை, ஆனால் கப்பல் முகப்பில் காற்றுக்கு எதிராக நிற்பது துணி மடிப்பிலேயே தெரியும். கூட்டம் பிடிக்காதவர்கள் ரிஷ்லியே பகுதிக்குப் போங்கள். பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டக்கல் அங்கேதான், அசீரிய மன்னர்களின் சிறகு முளைத்த காளைகளும் அங்கேதான். மியூசியத்தின் கீழ்த்தளத்தில் பழைய கோட்டையின் அகழிச் சுவரும் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

புதன், வெள்ளி இரவு 9 வரை திறந்திருக்கும். மாலை ஐந்தரைக்கு மேல் உள்ளே போனால் கூட்டம் குறைந்திருக்கும். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குச் சீட்டு 32 யூரோ.

ஜெர்மனில படிக்கற தம்பியும் சேர்ந்து வர்றான். அவனுக்கும் அதே விலையா?

இல்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் லூவ்ர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை போன்ற தேசிய மியூசியங்களில் இலவசம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு அந்தச் சலுகை 25 வயது முடியும்வரை. தம்பிக்கு 26 ஆகவில்லை என்றால் ஜெர்மன் குடியிருப்பு அட்டையின் அசலை எடுத்துவரச் சொல்லுங்கள். இலவசம் என்றாலும் லூவ்ருக்கு நேரப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மியூசியம் பாஸ் வாங்கினா லாபமா?

நாளுக்கு இரண்டு, மூன்று மியூசியம் பார்ப்பவர்களுக்கு லாபம். நான் மேலே சொன்ன "நாளுக்கு ஒன்று" முறைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அதில் ஈஃபில் கோபுரம் சேராது. பாஸ் இருந்தாலும் லூவ்ருக்கும் சான்த் ஷப்பேலுக்கும் தனியாக நேரம் பதிய வேண்டும். பாஸை முதலில் வாங்கிவிட்டு நேரம் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஈஃபில் டவர் டிக்கெட் தீர்ந்துபோச்சு. இப்ப என்ன பண்றது?

லிஃப்ட் சீட்டு 60 நாள் முன்பு விற்பனைக்கு வரும், உச்சிக்குப் போகும் சீட்டு வேகமாகத் தீரும். கிடைக்கவில்லையா, படிக்கட்டுச் சீட்டைப் பாருங்கள். இரண்டாம் தளம் வரை 674 படி. முழங்கால் நன்றாக இருந்தால் கஷ்டமில்லை, இரும்புச் சட்டங்களை அவ்வளவு அருகில் பார்ப்பதும் லிஃப்டில் கிடைக்காது.

ஏறாவிட்டாலும் குறைவில்லை. கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் பாரிசில் ஈஃபில் கோபுரம் தெரியாதே! வெற்றி வளைவின் மாடிக்கு 284 படி ஏறினால் கோபுரத்தோடு சேர்த்து ஊர் தெரியும், கீழே 12 சாலைகள் விரிந்து கிடக்கும். படியே வேண்டாம் என்றால் மெட்ரோ 6இல் பாசி நிலையத்திலிருந்து பிர் ஹக்கேம் போங்கள். ரயில் ஆற்றைக் கடக்கும்போது கோபுரம் சன்னலில் வந்து நிற்கும். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்னும். மே இறுதியில் அதற்கு இரவு பத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

நோத்ர் டாம் தீப்பிடிச்சதே, இப்ப உள்ள விடறாங்களா?

விடுகிறார்கள். இந்தப் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணமே இல்லை. யாராவது நுழைவுச்சீட்டு விற்றால் அது ஏமாற்று. இணையத்தில் இலவசமாக நேரம் பதியலாம். பதியாமலும் வரிசையில் நிற்கலாம், வரிசை நன்றாகவே நகரும். சுத்தம் செய்த சுவர்கள் அத்தனை வெளிச்சமாக இருக்கின்றன. முன்பு பார்த்தவர்கள் மறுபடி போகவேண்டும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான்த் ஷப்பேல். 1248இல் முடிந்த அரச தேவாலயம், சுவருக்குப் பதில் கண்ணாடியால் கட்டியதுபோல் இருக்கும். வெயில் அடிக்கும் நேரத்தில் பாருங்கள். அது நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பையைச் சோதிப்பார்கள். கத்தரிக்கோல், சிறு கத்தி எதுவும் பையில் வேண்டாம்.

பூ பாக்கத்தான் வர்றோம். எங்க போகணும்? செர்ரி பூ எப்ப பூக்கும்?

பூவுக்குத் தேதி கிடையாது. அந்த வருடக் குளிரைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகும். ஆனால் வரிசை மாறாது. மார்ச் இரண்டாம் பாதியில் பலே ருவாயால் தோட்டத்தில் மக்னோலியா. மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ழார்தேன் தே ப்ளான்த் என்ற தாவரவியல் தோட்டத்தில் தரையைத் தொடும் கிளைகளோடு வெள்ளைச் செர்ரி மரம். ஏப்ரல் நடுவில் ஊருக்குத் தெற்கே சோ பூங்காவில் செர்ரித் தோப்புகள், ஒன்றில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் வெள்ளை. ஆர்இஆர் பி ரயிலில் போகலாம். வார இறுதியில் புல்தரையே தெரியாத அளவுக்குக் குடும்பங்கள் விரிப்போடு வந்துவிடும், வார நாளில் போங்கள். மே மாதம் பகத்தெல் பூங்காவில் ஐரிஸ், பியோனி. ரோஜாவின் உச்சம் ஜூனில்தான்.

இந்தத் தோட்டங்களில் ஒன்றையாவது திட்டத்தில் போடுங்கள். லக்சம்பூர் தோட்டத்தின் பச்சை இரும்பு நாற்காலியில் ஒரு மதியம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் இடம் ஒதுக்குங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

வெர்சாயும் ஜிவெர்னியும் ஒரே நாள்ல போகலாமா?

வேண்டாம், இரண்டும் வேறு வேறு திசை. வெர்சாய்க்கு ஆர்இஆர் சி ரயில், ஜிவெர்னிக்கு சான் லசார் நிலையத்திலிருந்து வெர்னோன் வரை ரயில், பிறகு பேருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள்.

ஓவியர் மோனே 1883 முதல் 1926இல் இறக்கும்வரை வாழ்ந்த ஜிவெர்னி வீடும் தோட்டமும் ஏப்ரல் 1 அன்று திறக்கும். ஏப்ரலில் டூலிப், மே மாதம் பாலத்தின் மேல் விஸ்டீரியா. ஆனால் அல்லிப் பூக்களை எதிர்பார்த்து ஏப்ரலில் போகாதீர்கள், அவை கோடையில்தான் மலரும். அல்லிதான் வேண்டும் என்றால் ஊருக்குள்ளேயே ஒராஞ்சரியில் இரண்டு நீள்வட்ட அறைகளில் மோனேயின் அல்லிக்குளச் சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. எனக்கு அந்த அறைகள்தான் இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த இடம்.

மே மாசம் நிறைய லீவாமே, எல்லாம் மூடிடுவாங்களா?

மே 1 மட்டும்தான் உண்மையில் கஷ்டம். லூவ்ர், ஓர்சே, வெர்சாய் எல்லாமே மூடியிருக்கும், பேருந்துகளும் குறைவு. அன்று தெருவெங்கும் மியுகே என்ற சிறு வெள்ளைப்பூக் கொத்து விற்பார்கள், வாங்கி ஒருவருக்கொருவர் கொடுப்பது வழக்கம். பூங்காவுக்கும் ஆற்றங்கரைக்கும் அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

மே 8, ஈஸ்டர் திங்கள், விண்ணேற்ற வியாழன் ஆகியவையும் விடுமுறைதான், ஆனால் பெரிய இடங்கள் பலவும் திறந்திருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளியையும் சேர்த்து விடுப்பு எடுப்பதால் அந்த வாரங்களில் ரயிலும் ஹோட்டலும் விலை ஏறும். புனித வெள்ளி பாரிசில் விடுமுறை நாளே இல்லை.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்ய?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், கேட்டுச் சாப்பிட வேண்டும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வது. கீஷ் என்ற முட்டைப் பண்டம், சாலட் ஆகியவற்றில் பன்றி இறைச்சித் துண்டுகள் சொல்லாமலே வரும். சைவம் என்றாலும் மீன் சாப்பிடுவீர்கள் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு, எனவே மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். மாரே பகுதியின் ரோசியே தெருவில் ஃபலாஃபல், பக்வீட் மாவில் தோசை போல் சுட்டுப் பாலாடைக்கட்டி வைத்து எங்கும் விற்கும் கலெத், ரொட்டிக்கடைகள், இவையே பகலுக்குப் போதும். உணவகங்கள் பல மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஏழுக்குத்தான் திறக்கும். குழாய்த் தண்ணீர் நல்லது. உணவகத்தில் "கராஃப் தோ" என்று கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

நாக்கு ஏங்கினால் லா ஷாப்பெல். கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. இடியாப்பம், தோசை, வடை, கொத்துரொட்டி எல்லாம் உண்டு. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம்.

நம்ம ஊர் சிலைகள் பாரிஸ்ல இருக்காமே?

கிமே மியூசியத்தில். ஆசியக் கலைக்கான தேசிய மியூசியம் அது. தமிழ்நாட்டின் சோழர் காலச் செப்புத் திருமேனிகள், ஒரு நடராசர் உட்பட, அங்கே இருக்கின்றன. ஈஃபிலுக்கு எதிரே உள்ள த்ரோகதேரோவிலிருந்து நடந்துபோகும் தூரம், கூட்டமே இருக்காது. மழை பெய்யும் மதியத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அம்மா அப்பாவுக்கு எழுபது வயசு. மெட்ரோ சரிப்படுமா?

சரிப்படாது. பழைய நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, வழித்தடம் மாறவே நீண்ட சுரங்கமும் படிகளும். 14ஆம் வழித்தடத்தில் மட்டும் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. அவர்களைப் பேருந்தில் கூட்டிப்போங்கள். 69ஆம் எண் பேருந்து பஸ்தீய், லூவ்ர், ஈஃபில் பக்கம் எல்லாம் போகும். சன்னலோரம் உட்கார்ந்தால் அதுவே ஊர் பார்ப்பதுதான். மோன்மார்த்ர் குன்றுக்கு இழுவை ரயில் இருக்கிறது, வாரப் பாஸ் அதற்கும் செல்லும். மாலையில் ஒரு படகுச் சவாரி வையுங்கள்.

திருட்டு ரொம்ப அதிகமாமே?

அடிதடி இல்லை, பை திருட்டுதான். மெட்ரோ 1, லூவ்ர், ஈஃபில் அடிவாரம், மோன்மார்த்ரின் சக்ரெ கேர் தேவாலயப் படிகள், இங்கெல்லாம் கவனம். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் நீட்டுவார்கள், கையில் நூல் கட்ட வருவார்கள், தரையில் மோதிரம் கிடந்ததாகக் காட்டுவார்கள். நிற்காமல் நடந்துவிடுங்கள். கடவுச்சீட்டு அறையில் இருக்கட்டும், நகலும் படமும் போதும். வரி திரும்பப் பெறும் பொருள் வாங்கும் நாளில் மட்டும் எடுத்துப்போங்கள்.

ஸ்ட்ரைக் வந்துட்டா?

பொதுவாக முன்கூட்டியே அறிவிப்பார்கள். மெட்ரோ 1, 4, 14 மூன்றிலும் ஓட்டுநரே இல்லை, தானியங்கி. அதனால் வேலைநிறுத்த நாளிலும் இவை ஓடும். தங்குமிடம் பற்றிச் சொன்னபோது இந்த மூன்றையும் குறிப்பிட்டது இதற்காகத்தான். ஆர்இஆர் பி குறைந்துவிடும். விமான நாளில் அப்படி அமைந்தால் முதல் நாளே டாக்ஸி சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு மதியம் வந்து புதன் ராத்திரி கிளம்பறோம். திங்கள் ஒண்ணு மூடுது, செவ்வாய் ஒண்ணு மூடுது. எப்படிப் பிரிக்கறது?

பலரும் சிக்கும் கணக்கு இது, ஆனால் அவிழ்க்க முடியும். ஞாயிறு மாலை எதுவும் பதியாதீர்கள். நோத்ர் டாம் பக்கம் போய் ஆற்றங்கரையில் நடங்கள், நேரமாற்றத் தூக்கமும் தெளியும். திங்கள் காலை லூவ்ர், அங்கிருந்து துய்லரி தோட்டம் வழியாக நடை. ஒராஞ்சரியும் திங்களன்று திறந்திருக்கும், ஆசை இருந்தால் அன்றைக்கு மட்டும் "நாளுக்கு ஒன்று" விதியைத் தளர்த்தலாம். செவ்வாய் ஓர்சே, அல்லது தோட்டப் பிரியர்களுக்கு வெர்சாய்.

புதன் காலை சான்த் ஷப்பேல், பிறகு லக்சம்பூர். பெட்டியை ஹோட்டலிலேயே விட்டுவைத்து மாலை எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். ஞாயிறு வருவதற்கான விமான நிலையச் சீட்டைத் தனியாக வாங்குங்கள். வாரப் பாஸ் திங்களன்றுதான் தொடங்கும். அதன் பிறகு திரும்பும் பயணம், வெர்சாய் எல்லாம் அதிலேயே வந்துவிடும், ஆகவே திங்கள் முதல் புதன் வரை நிறைய மெட்ரோ ஏறுவதாக இருந்தால் அதுவே மலிவு.